சேவல் சின்னத்தை விட்டு விலகிய மலைக் கவுன்டி

கேள்வி இதுதான்: அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் எலியட் கவுன்டி என்ற சிறிய மலைப்பகுதி, 1872 முதல் 2012 வரை ஒவ்வோர் அதிபர் தேர்தலிலும் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்தது. 2016இல் அங்கே பத்தில் ஏழு பேர் குடியரசுக் கட்சியின் டொனால்ட் டிரம்ப்புக்கு வாக்களித்தார்கள். ஒரே இரவில் ஓர் ஊர் இப்படித் தலைகீழாக மாறுமா? அந்த மக்கள் ஏமாந்தார்களா, இனவெறியா, வறுமையா?

கென்டக்கியில் சில ஆண்டுகள் வேலை பார்த்த காலத்தில் அந்த மலைப்பாதைகளில் பலமுறை போய்வந்திருக்கிறேன். அதிலிருந்தே இந்தக் கவுன்டியின் தேர்தல் கணக்குகளைத் தேடித் தேடிப் படிக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரே இரவில் எதுவும் மாறவில்லை. மாற்றத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. அவர்கள் முதலில் எதிர்க்கட்சிக்குப் போகவில்லை, வாக்குச்சாவடிக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்கள். இதைக் கவனிக்காமல் 2016ஐ மட்டும் பார்க்கிறவர்கள்தான் ஏமாற்றம், வெறி, வறுமை என்று ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். கவுன்டி என்பது மாநிலத்துக்குக் கீழே உள்ள நிர்வாகப் பிரிவு. கென்டக்கியில் 120 கவுன்டிகள் இருக்கின்றன, பெரும்பாலானவை மிகச் சிறியவை. எலியட் கவுன்டி மாநிலத்தின் வடகிழக்கில், அப்பலாச்சிய மலையடிவாரத்தில் இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 7,354 பேர். தலைநகரான சாண்டி ஹூக்கில் எழுநூறு பேர்கூட இல்லை. மோர்ஹெட் நகரிலிருந்து 32ஆம் எண் சாலையில் வந்தால், வளைந்து வளைந்து ஏறி இறங்கும் பாதை, இரண்டு பக்கமும் காடு, நடுநடுவே சரிவில் ஒரு வீடு, ஒரு சிறு தேவாலயம், பக்கவாட்டுப் பலகைகள் வெளுத்துப்போன உயரமான மரக் கொட்டகைகள். ஊர் வந்துவிட்டதென்று தெரிவதற்குள் ஊர் முடிந்துவிடும். மக்கள் கிட்டத்தட்ட எல்லோருமே வெள்ளையர்கள்.

இந்த இடம்தான் தொடர்ந்து 36 அதிபர் தேர்தல்களில் ஒரே கட்சிக்கு வாக்களித்தது. 1972இல் அந்தக் கட்சியின் வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன் நாடு முழுவதும் மண்ணைக் கவ்வினார். மாசசூசெட்ஸ் மாநிலமும் தலைநகர் வாஷிங்டனும்தான் அவருக்குக் கிடைத்தன. எலியட் கவுன்டியில் அவர் எளிதாக வென்றார். 1984இல் வால்டர் மாண்டேலுக்கு மினசோட்டாவும் வாஷிங்டனும் மட்டுமே மிஞ்சின. எலியட்டில் அவரும் வென்றார். நாடே குடியரசுக் கட்சியின் ரீகன் பின்னால் போனபோது இந்த மலையூர் அசையவில்லை. இதை வைத்து அவர்களை இடதுசாரிகள் என்று யாராவது நினைத்தால் அது பெரிய தவறு. தேவாலயம், துப்பாக்கி, குடும்பம் ஆகியவற்றில் அவர்கள் அன்றும் மிகப் பழமைப்பற்று உள்ளவர்கள். கட்சி அவர்களுக்குக் கொள்கையாக வந்ததல்ல. அப்பனிடமிருந்து நிலத்தோடு சேர்ந்து வந்தது.

அந்தச் சொத்தின் மூலப்பத்திரம் உள்நாட்டுப் போரில் இருக்கிறது. 1861 முதல் 1865 வரை நடந்த அந்தப் போரில் கென்டக்கி ஒன்றியத்திலிருந்து பிரியவில்லை. ஆனால் உள்ளுக்குள் இரண்டாகப் பிளந்து கிடந்தது. மலைப்பகுதியில் பக்கத்துப் பக்கத்துப் பள்ளத்தாக்குகள் எதிரெதிர்ப் படைகளுக்கு ஆள் அனுப்பின. போர் முடிந்து நான்கே ஆண்டுகளில், 1869இல், மாநில அரசியல் ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்த காலத்தில், எலியட் கவுன்டி உருவானது. ஜான் மில்டன் எலியட் என்பவரின் பெயரால் அது அமைந்தது என்பது பரவலான வழக்கு. அவர் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசில் ஜனநாயகக் கட்சி உறுப்பினராகவும், பிறகு ஒன்றியத்திலிருந்து பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் காங்கிரசில் உறுப்பினராகவும் இருந்தவர். பின்னாளில் நீதிபதியானார், 1879இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றைய ஜனநாயகக் கட்சி, தெற்கின் வெள்ளையர் கட்சி. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை தருவதை எதிர்த்த கட்சி. இதை மறைத்துவிட்டு எலியட்டின் கட்சி விசுவாசத்தைப் புகழ்வது நேர்மையாகாது.

இதற்கு நேர் எதிரான ஓர் எடுத்துக்காட்டு அதே மலையில், ஓரிரு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறது. ஔஸ்லி, ஜாக்சன் ஆகிய கவுன்டிகள் போரில் ஒன்றியத்தின் பக்கம் நின்றவை. உள்நாட்டுப் போருக்குப் பின் அங்கே ஒருமுறைகூட ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளர் வென்றதில்லை. பெருமந்தக் காலத்தில் ரூஸ்வெல்ட்டுக்கும் அங்கே இடமில்லை. ஔஸ்லி நாட்டிலேயே மிக ஏழ்மையான கவுன்டிகளில் ஒன்று. மலை ஒன்று, பேச்சு ஒன்று, வறுமை ஒன்று, தேவாலயப் பாடல்கள்கூட ஒன்றே. ஆனால் வாக்கு மட்டும் எதிரும் புதிருமாக 140 ஆண்டுகள். வறுமைதான் வாக்கைத் தீர்மானிக்கிறது என்று சொல்கிறவர்களிடம் நான் எலியட்டையும் ஔஸ்லியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன்.

ஆனால் பழைய போரின் நினைவு மட்டும் ஒன்றரை நூற்றாண்டு தாங்காது. ஒவ்வொரு தலைமுறைக்கும் அதைப் புதுப்பிக்க ஏதாவது வேண்டும். எலியட்டில் அந்த வேலையைச் செய்தது புகையிலை. இதை விரிவாகச் சொல்லியாக வேண்டும். வெளியூர்ப் பத்திரிகையாளர்கள் கிழக்குக் கென்டக்கி என்றாலே நிலக்கரி என்று எழுதிவிடுகிறார்கள். எலியட் பெரிய சுரங்கப் பகுதி அல்ல. அது பர்லி என்ற வகைப் புகையிலை விளைந்த ஊர்.

ஒருமுறை இலையுதிர் காலத்தில் அந்தப் பக்கம் ஒரு கொட்டகைக்குள் நின்று பார்த்திருக்கிறேன். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் செடியை அடியோடு வெட்டி, ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான மரக் கோலில் குத்திக் கோப்பார்கள். கோலின் நுனியில் கழற்றி மாட்டும் இரும்புக் கூம்பு இருக்கும். தண்டை அதில் அழுத்தினால் கிழித்துக்கொண்டு கோலுக்குள் இறங்கும். ஒரு கோலுக்கு ஐந்தாறு செடிகள். பிறகு கொட்டகையின் குறுக்கு உத்தரங்களில் கால்களை அகட்டி நின்றுகொண்டு, ஒருவர் மேல் ஒருவராக ஆட்கள் கை மாற்றிக் கை மாற்றி அந்தக் கோல்களைக் கூரை வரை ஏற்றித் தொங்கவிடுவார்கள். கால் தவறினால் முப்பது அடி கீழே. இரண்டு மாதம் காற்றில் தொங்கி இலை பழுப்பேறும். காய்ந்த இலையைத் தொட்டால் நொறுங்கிவிடும். ஆகவே மழை ஈரம் காற்றில் ஏறும் நாளுக்காகக் காத்திருந்து, இலை துணிபோல் வளையும் பதம் வந்ததும் கீழே இறக்கி, அடியிலை, நடுவிலை, நுனியிலை என்று தரம் பிரித்து உருவுவார்கள். அந்த வேலையில் பாட்டியும் பேரனும் சேர்ந்தே நிற்பார்கள். கிறிஸ்துமசுக்கு முன் ஏலம். பிள்ளைகளின் செருப்பு முதல் கடைக்காரர் கணக்கு வரை அந்த ஒரு காசோலையில் தீரும்.

இரண்டு மூன்று ஏக்கரில் இப்படிப் பாடுபடும் ஒரு குடும்பம் எப்படிப் பிழைத்தது என்றால், பின்னால் அரசு நின்றது. 1930களில் ரூஸ்வெல்ட் ஆட்சியில் வந்த ஏற்பாடு அது. எவ்வளவு புகையிலை விற்கலாம் என்று ஒவ்வொரு பண்ணைக்கும் ஓர் ஒதுக்கீடு. அதற்குக் குறைந்தபட்ச விலை. அந்த விலைக்கு யாரும் வாங்காவிட்டால் விவசாயிகள் கூட்டுறவு சங்கம் அரசுக் கடனில் வாங்கிக்கொள்ளும். ஒதுக்கீடு நிலத்தோடு ஒட்டியது. அப்பன் பிள்ளைக்கு விட்டுச் செல்வது, வாடகைக்கு விடுவது எல்லாம் உண்டு. பெரிய பண்ணை சிறிய பண்ணையை விழுங்காமல் காத்தது இந்த ஏற்பாடுதான். அதே காலத்தில்தான் கிராமங்களுக்கு மின்சாரம் வந்தது. கிழக்குக் கென்டக்கி மலைகளில் பெண்கள் குதிரையில் புத்தகம் சுமந்து வீடு வீடாகக் கொடுத்த நூலகத் திட்டமும் அப்போது வந்ததே. தாத்தா போருக்காகச் சேவலுக்கு வாக்களித்தார் என்றால், பேரன் புகையிலை ஒதுக்கீட்டுச் சீட்டுக்காக வாக்களித்தான்.

சேவல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கென்டக்கி வாக்குச்சீட்டில் ஜனநாயகக் கட்சியின் சின்னம் சேவல், குடியரசுக் கட்சியின் சின்னம் மரக்கட்டைகளால் கட்டிய குடில். நாடெங்கும் தெரிந்த கழுதையும் யானையும் அங்கே சீட்டில் இல்லை. ஒரே இடத்தில் குறியிட்டு, அந்தச் சீட்டில் உள்ள அந்தக் கட்சி வேட்பாளர்கள் எல்லோருக்கும் வாக்களிக்கும் வசதியும் உண்டு. சேவலுக்கு எதிரே ஒரு குறி, வேலை முடிந்தது. மெக்கவர்ன் யார், மாண்டேல் என்ன பேசினார் என்பதெல்லாம் இரண்டாம் விஷயம். அதிபர் தேர்தல் இல்லாத ஆண்டுகளில் நடக்கும் உள்ளூர்த் தேர்தலிலும் ஷெரிப் என்ற கவுன்டிக் காவல் தலைவர், எழுத்தர், சிறைக் காவலர் எல்லோரும் சேவலின் கீழேதான் இருந்தார்கள்.

இந்த உள்ளூர்ப் பதவிகளைப் புரிந்துகொள்ளாமல் எலியட்டைப் புரிந்துகொள்ள முடியாது. கென்டக்கியில் ஒவ்வொரு கவுன்டியும் தனக்கென ஒரு நிர்வாகத் தலைவர், எழுத்தர், ஷெரிப், சொத்து மதிப்பீட்டாளர், சிறைக் காவலர் ஆகியோரைத் தேர்ந்தெடுக்கிறது. சிறைக் காவலரைக்கூட வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் வேறு மாநிலங்களில் அநேகமாகக் கிடையாது. ஏழாயிரம் பேர் உள்ள ஊரில் இந்தப் பதவிகளும், பள்ளிக்கூட வேலைகளும், சாலைப் பராமரிப்பு வேலைகளும்தான் நிலையான சம்பளம். இவற்றுக்கான உண்மையான போட்டி நவம்பரில் நடப்பதில்லை. மே மாதம் கட்சிக்குள் நடக்கும் முதற்கட்டத் தேர்தலில் முடிந்துவிடும். கென்டக்கியில் அந்தத் தேர்தல் மூடிய தேர்தல். ஜனநாயகக் கட்சிக்காரராகப் பதிவு செய்துகொண்டவர்தான் அதில் வாக்களிக்கலாம். குடியரசுக் கட்சியில் பதிவு செய்த ஒருவருக்குத் தன் ஊர் ஷெரிப் யார் என்று முடிவு செய்யும் வாய்ப்பே இல்லாமல் போகும். ஆகவே மனதுக்குள் ரீகனை விரும்பியவர்கள்கூடப் பதிவேட்டில் ஜனநாயகக் கட்சியிலேயே இருந்தார்கள். வாக்காளர் பதிவில் அந்தக் கட்சியின் பங்கு எண்பது விழுக்காட்டுக்கு மேல் இருந்ததற்கு இதுவே முதல் காரணம். பதிவு விழுக்காட்டைப் பார்த்து ஒரு சிற்றூரின் மனதை எடைபோடுவது, குடும்ப அட்டையைப் பார்த்து யார் யாரோடு பேசுகிறார்கள் என்று கண்டுபிடிக்கப் பார்ப்பது போன்றது.

இனி கணக்குக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், விஷயம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

2004இல் ஜான் கெர்ரிக்கு எலியட்டில் 2,064 வாக்குகள், ஜார்ஜ் புஷ்ஷுக்கு 871. 2008இல் பராக் ஒபாமாவுக்கு 1,535, ஜான் மெக்கெயினுக்கு 902. 2012இல் ஒபாமாவுக்கு 1,186, மிட் ராம்னிக்கு 1,126. வித்தியாசம் அறுபதே வாக்குகள். 2016இல் ஹிலரி கிளின்டனுக்கு 740, டிரம்ப்புக்கு 2,000.

2004க்கும் 2012க்கும் நடுவே ஜனநாயகக் கட்சி இழந்தது 878 வாக்குகள். அவை எதிர்க்கட்சிக்குப் போயிருந்தால் அங்கே ஏறக்குறைய அதே அளவு ஏறியிருக்க வேண்டும். ஏறியது 255 மட்டும். மொத்த வாக்குகளைப் பாருங்கள். 2004இல் ஏறத்தாழ 2,950 பேர் வாக்களித்தார்கள், 2012இல் 2,400 பேர். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மறைந்துவிட்டார்கள். பிறகு 2016இல் மொத்த வாக்கு மறுபடியும் 2,850க்கு ஏறுகிறது. டிரம்ப் ராம்னியைவிட 874 வாக்குகள் கூடுதலாகப் பெறுகிறார். எட்டு ஆண்டுகளில் ஒரு பக்கம் காணாமல்போன 878, நான்கே ஆண்டுகளில் இன்னொரு பக்கம் வந்து சேர்ந்த 874. இரண்டும் அதே மனிதர்கள் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. வாக்கு ரகசியமானது, இடையே முதியவர்கள் இறந்தார்கள், இளைஞர்கள் சேர்ந்தார்கள், சிலர் ஊரைவிட்டுப் போனார்கள். 2016இல் நேரடியாகக் கட்சி மாறியவர்களும் உண்டு. ஜனநாயகக் கட்சி அந்த நான்கு ஆண்டுகளில் மேலும் 446 வாக்குகளை இழந்ததே அதைக் காட்டுகிறது. ஆனாலும் போக்கு தெளிவு. தாத்தாவின் கட்சிக்கு எதிராகக் குறியிடக் கை வராத ஒரு கூட்டம் முதலில் வீட்டிலேயே தங்கிவிட்டது. பிறகு, கட்சிக்காரர்போல் பேசாத ஒருவர் வந்தபோது வெளியே வந்தது.

ஒரு தொழில்நுட்ப எச்சரிக்கை. 2000இல் 6,748ஆக இருந்த மக்கள்தொகை 2010இல் 7,852 ஆனது. ஊர் வளர்ந்துவிட்டதென்று நினைக்கவேண்டாம். 2005இல் சாண்டி ஹூக்கில் லிட்டில் சாண்டி என்ற மாநிலச் சிறை திறக்கப்பட்டது. சுமார் ஆயிரம் பேரை அடைக்கக்கூடியது. மக்கள்தொகைக் கணக்கில் கைதிகளும் சேர்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு வாக்கில்லை. மக்கள்தொகையை வைத்து இந்தக் கவுன்டியில் எத்தனை விழுக்காட்டினர் வாக்களித்தார்கள் என்று கணக்கிடும் எவரும் தவறான எண்ணுக்கே வந்துசேர்வார்கள்.

இப்போது இனவெறியா என்ற கேள்வி. அது ஒரு காரணமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2004இலிருந்து 2008க்குள் அந்தக் கட்சி ஐந்நூறுக்கும் மேற்பட்ட வாக்குகளை இழந்தது, அதுவும் நாடு முழுவதும் அந்தக் கட்சிக்கு அலை அடித்த ஆண்டில். வேட்பாளரின் நிறத்துக்கு அதில் பங்கில்லை என்று நம்புவது கடினம். 2012இல் கென்டக்கியின் ஜனநாயகக் கட்சி முதற்கட்டத் தேர்தலில், எதிர்த்து நிற்க ஆளே இல்லாத நிலையிலும், சொந்தக் கட்சியின் அதிபருக்கு வாக்களிக்காமல் ‘யாருக்கும் உறுதியில்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டவர்கள் 42 விழுக்காடு. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். சுற்றியுள்ள வெள்ளையர் கவுன்டிகள் பல 2008லேயே கைவிட்டபோது, எலியட்டில் ஒபாமா 61 விழுக்காடு பெற்றார். கிட்டத்தட்ட முழுக்க வெள்ளையர் வாழும் ஒரு மலையூர், தென்மாநிலக் கூட்டமைப்பின் காங்கிரசில் இருந்தவரின் பெயரைத் தாங்கிய ஊர், கறுப்பினத்தவர் ஒருவரை இரண்டு முறை வெல்ல வைத்தது. இந்த உண்மையை யாரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மொத்த ஊரையும் ஒரே சொல்லில் முத்திரை குத்துகிறவர்கள் அந்த 1,535 பேரையும் 1,186 பேரையும் அவமதிக்கிறார்கள் என்றே நான் கருதுகிறேன்.

பிறகு எது பிடியைத் தளர்த்தியது? என் கணிப்பில் முதலில் தளர்ந்தது புகையிலைக் கயிறு. 2004இல் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றி ஒதுக்கீட்டு முறையை அடியோடு முடித்தது. ஒதுக்கீடு வைத்திருந்தவர்களுக்கு ராத்தலுக்கு 7 டாலர், பயிரிட்டவர்களுக்கு 3 டாலர் என்று பத்து ஆண்டுத் தவணையில் இழப்பீடு கொடுத்தார்கள். தவணை 2014இல் முடிந்தது. புகைபிடிக்கும் பழக்கம் குறைந்து, வெளிநாட்டு இலையும் வந்த நிலையில் அந்த முறை எப்படியும் தள்ளாடிக்கொண்டுதான் இருந்தது. சட்டத்தைக் கொண்டுவந்தது குடியரசுக் கட்சி ஆட்சி, அதற்காகப் பாடுபட்டவர்களில் கென்டக்கியின் குடியரசுக் கட்சி செனட்டர் மிச் மெக்கானல் ஒருவர். ஆகவே அந்தச் சட்டத்தால் கோபம் கொண்டு மக்கள் ஜனநாயகக் கட்சியைத் தண்டித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நடந்தது வேறு. ஒரு குடும்பத்துக்கும் ஒரு கட்சிக்கும் நடுவே எழுபது ஆண்டுகளாக ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட ஒப்பந்தம் காலாவதியானது. கொட்டகைகள் காலியாயின. பேரப்பிள்ளைகள் மோர்ஹெட்டில் மருத்துவமனைக்கும் பல்கலைக்கழகத்துக்கும், ஆஷ்லாந்து பக்கம் ஆலைகளுக்கும் காரோட்டிப் போய் வேலை பார்த்தார்கள். 2015 டிசம்பரில் ஆஷ்லாந்தின் உருக்காலை ஊதுலையை நிறுத்தியது, சுமார் அறுநூறு பேருக்கு வேலை போனது. 2016 மார்ச்சில் ஹிலரி கிளின்டன் ஒரு கூட்டத்தில், நிலக்கரித் தொழிலாளர்களுக்கும் நிறுவனங்களுக்கும் வேலையில்லாமல் போகும் என்ற பொருளில் பேசினார். அந்த ஊர்களுக்கு மாற்று வாழ்வு தேடவேண்டும் என்றுதான் அவர் தொடர்ந்து சொன்னார். தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஒலித்தது முதல் பாதி. எலியட்டில் சுரங்கம் அதிகமில்லை. ஆனால் தன் வேலை போனவனுக்கு, பக்கத்து மலைக்காரனின் வேலையைப் பற்றிச் சொன்னதும் தனக்குச் சொன்னதாகவே கேட்டது.

மதமும் குடும்ப ஒழுக்கமும் பற்றிய சண்டையும் அதே ஆண்டுகளில் வாசல்வரை வந்தது. எலியட்டை ஒட்டிய ரோவன் கவுன்டியின் எழுத்தர் கிம் டேவிஸ், 2015இல் ஒருபால் இணையர்களுக்குத் திருமணச் சான்று தர மறுத்துச் சிறைக்குப் போனது உலகச் செய்தியானது. பலர் மறந்துவிட்ட ஒன்று: அவர் அந்தப் பதவிக்கு ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்று வென்றவர். அவருக்கு முன் பல்லாண்டுகள் அதே பதவியில் இருந்தவர் அவருடைய தாய். சிறையிலிருந்து வெளிவந்த அதே மாதம் அவர் குடியரசுக் கட்சிக்கு மாறினார். ஊரில் கட்சிக்கு ஒரு முகம், நாட்டளவில் அதே கட்சிக்கு வேறொரு முகம் என்பதை எத்தனையோ ஆண்டுகளாக மக்கள் பார்த்தும் பாராமலும் இருந்தார்கள். அந்த ஆண்டு அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

சொந்த நலனுக்கு எதிராக வாக்களித்தார்களே என்ற பேச்சு எனக்குக் கோபம் வரவைக்கும் ஒன்று. ஸ்டீவ் பெஷியர் ஆளுநராக இருந்தபோது ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடு விரிவாக்கப்பட்டு, கென்டக்கியில் காப்பீடு இல்லாதவர்களின் விகிதம் இரண்டு ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கியது உண்மை. அதை இரத்து செய்வேன் என்றவருக்கு மக்கள் வாக்களித்ததும் உண்மை. ஆனால் அந்தத் திட்டத்துக்கு மாநில அரசு வைத்த பெயரில் ஒபாமாவின் பெயரோ கட்சியின் பெயரோ கிடையாது. வாக்காளரைச் சீண்டாமல் இருக்க வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். 1930களில் புகையிலைச் சீட்டைக் கையில் வாங்கியவனுக்கு அது யார் கொடுத்தது என்று தெரிந்திருந்தது. இங்கே கொடுத்தவர்களே முகத்தை மறைத்துக்கொண்டார்கள். நன்றி எங்கிருந்து வரும்?

2016க்குப் பிறகும் ஊர் முழுவதுமாகக் கைமாறிவிடவில்லை. ராக்கி ஆட்கின்ஸ் என்பவர் சாண்டி ஹூக் ஊர்க்காரர். 1987 முதல் 2019 வரை மாநிலச் சட்டமன்ற உறுப்பினர், பல ஆண்டுகள் அங்கே ஜனநாயகக் கட்சிக் குழுவின் தலைவர். எலியட்டில் டிரம்ப்புக்கு 70 விழுக்காடு விழுந்த அதே காலத்தில் அவரும் வென்றுகொண்டிருந்தார். 2019இல் ஆளுநர் வேட்பாளருக்கான கட்சித் தேர்தலில் நின்று, ஸ்டீவ் பெஷியரின் மகன் ஆண்டி பெஷியரிடம் தோற்று இரண்டாம் இடம் பிடித்தார். ஆனால் மனக்கசப்பு இல்லாமல் அவருக்காகவே பிரசாரம் செய்தார். அந்த நவம்பரில் ஆண்டி பெஷியர் ஐயாயிரத்துச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் ஆளுநரானபோது அவர் வென்ற கவுன்டிகளில் எலியட்டும் ஒன்று. மூன்று ஆண்டுகளுக்கு முன் நாற்பது விழுக்காட்டுக்கும் மேலான வித்தியாசத்தில் டிரம்ப்பைத் தேர்ந்தெடுத்த அதே ஊர். ஆட்கின்ஸ் ஆளுநரின் ஆலோசகராகப் போய்விட, அவருடைய சட்டமன்றத் தொகுதிக்கு 2020 பிப்ரவரியில் இடைத்தேர்தல் நடந்தது. அதில் குடியரசுக் கட்சி வென்றது. கட்சி முப்பது ஆண்டுகளாக வைத்திருந்த இடம் என்று செய்தித்தாள்கள் எழுதின. அந்த இடத்தை வைத்திருந்தது ஓர் ஆள். ஆள் எழுந்தார், இடம் போனது.

இதனால்தான் 2016ஐ ஒரு திடீர் நிலச்சரிவு என்று பேசுவதை நான் ஏற்பதில்லை. சரிவு மேலிருந்து தொடங்கியது. முதலில் அதிபர் பதவி போனது, பிறகு சட்டமன்றம், அதற்கும் பிறகுதான் கட்சிப் பதிவேடு. மாநில அளவில் குடியரசுக் கட்சியின் பதிவு எண்ணிக்கை ஜனநாயகக் கட்சியை முந்தியது 2022 ஜூலையில். கென்டக்கி தன் அதிபர் வாக்குகளைக் குடியரசுக் கட்சிக்கு 2000 முதல் தொடர்ந்து கொடுத்துவருகிறது. காகிதம் மனதைப் பிடிக்க 22 ஆண்டுகள் ஆயின.

இனி அந்த ஊர் திரும்புமா என்று கேட்டால், அதிபர் தேர்தலில் என் காலத்தில் திரும்பும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 2020இல் அங்கே நான்கில் மூன்று பங்கு டிரம்ப்புக்குப் போனது, 2024இல் அது இன்னும் கூடியது. போரின் நினைவு போய்விட்டது, புகையிலை போய்விட்டது. இப்போது அரசியல் வீட்டுக்குள் வருவது தேசியத் தொலைக்காட்சி வழியாகவும் கைபேசி வழியாகவும்தான். அங்கே சாண்டி ஹூக்கின் சாலைக்கும் பள்ளிக்கும் இடமில்லை. ஆளுநர், ஷெரிப் போன்ற பதவிகளில் மட்டும் ஆளைப் பார்த்து வாக்களிக்கும் பழக்கம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அந்த மிச்சத்தை நம்பி நிற்கும் வேட்பாளர் ஒவ்வொரு தேவாலய விருந்துக்கும் ஒவ்வொரு சாவு வீட்டுக்கும் போய் நின்றிருக்க வேண்டும்.

இதேபோல வேறொரு சிறு கவுன்டியை ஆராய நினைக்கிறவர்கள் விழுக்காடுகளை ஒதுக்கிவைத்துவிட்டு வாக்குகளின் எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தது ஐந்து தேர்தல்களின் மொத்த வாக்கை வரிசையாக எழுதுங்கள். எந்த ஆண்டில் மொத்தம் குறைந்தது, எந்த ஆண்டில் ஏறியது என்று முதலில் பாருங்கள். அதே நாளில் அதே சீட்டில் இருந்த சட்டமன்ற வாக்கையும், வேறு ஆண்டில் நடந்த ஷெரிப் தேர்தலின் வாக்கையும் பக்கத்தில் வையுங்கள். கவுன்டி எழுத்தர் அலுவலகத்தில் கேட்டால் வாக்குச்சாவடி வாரியாகவே கொடுப்பார்கள்.